உப்புக் காற்றில் ஓடிய வானை வாங்குவதற்கு முன்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “நானும் கணவரும் மூன்று பிள்ளைகளும் மாமியுமாக வீட்டில் ஆறு பேர். மாமிக்கு இரண்டு முழங்கால்களிலும் வருத்தம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்டியிலுள்ள வைத்தியரிடம் கூட்டிச்செல்ல வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. எங்கள் கைக்கு எட்டும் விலையில் இரண்டு வான்கள் வந்திருக்கின்றன. ஒன்று 1992ஆம் ஆண்டு டொயோட்டா ஹயஸ் டொல்பின், டீசல். மற்றையது 2004ஆம் ஆண்டு டொயோட்டா நோவா, பெற்றோல், ஓட்டோ கியர். தெரிந்த மெக்கானிக் ஒருவர், டொல்பினின் எஞ்சினுக்கு அழிவே இல்லை, அதையே வாங்குங்கள் என்கிறார். எதை வாங்குவது, வாங்குமுன் எவற்றைப் பார்ப்பது?”

அந்த மெக்கானிக் சொன்னதில் உண்மை இருக்கிறது. டொல்பின்கள் பலவற்றில் உள்ள 3எல் என்னும் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் கணினியை நம்பி ஓடுவதல்ல. பொத்துவிலில் நின்றாலும் வாழைச்சேனையில் நின்றாலும் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பார். ஆயினும், குடும்பத்துக்கு வாங்கும் வானை எஞ்சினிலிருந்து பார்க்கத் தொடங்குவதுதான் நமது பகுதியில் நான் காணும் பெரிய பிழை. எஞ்சின் களைத்துப்போனால் இறக்கிச் செய்யலாம், முடியாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இன்னொன்றை எடுத்துப் பூட்டலாம். உக்கிப்போன அடித்தளத்தை அப்படி மாற்ற முடியாது. மோதல் நேரும் அந்த ஒரு கணத்தில் பிள்ளைகளைக் காப்பது எஞ்சின் அல்ல. அவர்கள் இருக்கும் ஆசனமும், அது பூட்டப்பட்டிருக்கும் தகடும், பட்டியுமே. ஆகவே நான் ஆசனத்திலிருந்து தொடங்குகிறேன்.

நமது நாட்டுக்கு வந்த பழைய வான்களில் பல, ஜப்பானில் பொருள் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. பின் ஆசனங்கள் இங்கே வந்தபிறகு பூட்டப்பட்டன. கதிர்காமத்துக்குப் புறப்படவிருந்த ஒரு குடும்பம் சேவிசுக்கு விட்டிருந்த வானில், தரைவிரிப்பை உயர்த்திப் பார்த்தேன். நான்கு பேர் இருக்கும் நீள ஆசனம், இரண்டு ரூபாய் நாணயம் அளவான வோசர்களை வைத்து வெறும் தரைத் தகட்டில் முடுக்கப்பட்டிருந்தது. ஆசனத்தின் முதுகைப் பிடித்து ஆட்டியபோது தகடும் சேர்ந்து எழுந்து தாழ்ந்தது. அந்த ஆசனத்துக்குப் பட்டி பூட்டியிருந்தாலும் பயனில்லை. மோதினால் ஆசனமே பெயர்ந்து முன்னால் இருப்பவர்கள்மீது விழும். எனவே, விற்பவர் முகம் சுளித்தாலும் விரிப்பை உயர்த்திப் பாருங்கள், வானின் அடியில் படுத்தும் பாருங்கள். ஆசனக் கால்களின் கீழே தடித்த இரும்புத் தகடு வைத்து முடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது வாகனத்தின் குறுக்குச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துப் போவதாகப் பலர் சொல்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரையும் அவரவர் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசை முன்னோக்கி இழுக்கும். 10 கிலோ எடையுள்ள பிள்ளையை அப்போது பிடித்திருப்பது 200 கிலோ மூட்டையைப் பிடித்திருப்பதற்குச் சமம். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. பிள்ளை ஆசனத்தைக் கட்டுவதற்கு, தோளுக்கும் இடுப்புக்கும் மேலாக வரும் மூன்று முனைப் பட்டி நடு வரிசையில் இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் தெரிவு பாதி முடிந்துவிடுகிறது. நோவாவின் பின் வரிசைகளில் பட்டிகள் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வந்தவை. டொல்பினில் பெரும்பாலும் அப்படி இல்லை.

அடுத்தது முன்பக்கம். டொல்பினில் சாரதியும் அருகில் இருப்பவரும் முன் சில்லுகளுக்கு மேலேயே இருக்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நசுங்கி அதிர்ச்சியை வாங்க எதுவும் இல்லை. நோவாவுக்குக் குறுகியதாயினும் ஒரு பொனட் உண்டு, எஞ்சினும் அதற்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான 2004 நோவாக்களில் எயார்பேக்கும், சடுதியாக பிரேக் மிதிக்கும்போது சில்லுகள் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ளன. ஆனால் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், மீட்டர் பலகையைப் பாருங்கள். எயார்பேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. முதலில் எரியவே இல்லையென்றால் அது அதைவிட மோசம்: பழுதை மறைக்க யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். எயார்பேக் விளக்கு ஒயில் விளக்கோடு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தால், இரண்டின் வயர்களையும் ஒன்றாக இணைத்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் எயார்பேக்குகளைப் பல ஜப்பானிய நிறுவனங்கள் திருப்பி அழைத்து மாற்றிக் கொடுத்தன. அவற்றின் உள்ளிருக்கும் வெடிபொருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசியதே காரணம். நமது கரையோரக் காலநிலை அதற்கு மிகவும் பாதகமானது. செஸி இலக்கத்தைக் கொண்டு உங்கள் வான் அந்தப் பட்டியலில் இருந்ததா, மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள்.

இனி, உப்பு. கல்லடியிலும் காரைதீவிலும் திருக்கோவிலிலும் கடலுக்குச் சில நூறு யார் தூரத்தில் இரவு பகலாக நிற்கும் வானுக்கு, மலைநாட்டில் நின்ற வானைவிட வெகு முன்பே துரு ஏறும். வெளியில் தெரியும் துருவுக்கு நான் அஞ்சுவதில்லை. புதுப் பெயின்டுக்குத்தான் அஞ்சுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் கழித்துவிட வேண்டிய பல வான்கள் டிங்கர் வேலையும் பெயின்டும் கண்டு சந்தைக்குத் திரும்பின. சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, சறுக்குக் கதவின் கீழ் விளிம்பிலும் சில்லு வளைவுகளிலும் படியின் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, பூச்சுப் பசைதான் இருக்கிறது. பிறகு வானை உயர்த்தச் செய்து, ஜக் வைக்கும் இடத்தையும், வில்தகடுகள் தொங்கும் தாங்கிகளையும், பின் சில்லுக்குப் போகும் பிரேக் குழாய்களையும் திருப்புளியால் அழுத்தியும் தட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். தட்டும்போது கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்து செதில் செதிலாகக் கொட்டினால், விலையைக் குறைத்துத் தந்தாலும் அந்த வானை விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு, அம்பாறை என்னும் நமது இரண்டு மாவட்டங்களிலும் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்ற வானைக் கழுவிவிடலாம், ஆனால் ஆசனப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்துக் கழுவுவோர் குறைவு. கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். மண்நிறக் கோடு ஒன்று தெரிந்தால் தண்ணீர் அந்த மட்டம் வரை வந்திருக்கிறது. ஆசனத்தின் கீழுள்ள வயர் இணைப்பு ஒன்றைக் கழற்றி, செப்பு முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கணினியால் இயங்கும் நோவாவுக்கு இந்தச் சோதனை டொல்பினைவிட முக்கியமானது. குளத்து நீரில் நின்ற வானாவது ஓரளவு தப்பும், வாவியின் உவர் நீர் ஏறிய வான் மாதக்கணக்கில் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டிப் பார்ப்பதில் நமக்கு ஒரு தனிக் குறை உண்டு. கல்முனை வீதியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தச் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டினால் நோயுள்ள வானும் நன்றாகவே ஓடும். நீங்களோ செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவ வழியாக மகியங்கனைக்குப் போய், அங்கிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகப் போகிறீர்கள். ஆகவே, எஞ்சின் ஆறிக்கிடக்கும் காலையில் போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே கேளுங்கள். பின்பு ஆறு பேரையும் ஏற்றி, ஏசியை முழுதாகப் போட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். டொல்பினாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள்; எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் இரைந்தால் கிளச் தேய்ந்துவிட்டது.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தானது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கலாம். பதினெட்டு வளைவில் மிதித்தபடியே இறங்கும் பாரமான வானில் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். அப்போது குழாய்க்குள் ஆவி உண்டாகி, பெடல் தரைவரை போகும், வான் நிற்காது. சமதரையில் இதன் அறிகுறிகூடத் தெரியாது. போத்தலிலுள்ள பிரேக் ஒயில் கோப்பி நிறமாக இருந்தால் அது வருடக்கணக்கில் மாற்றப்படவில்லை என்று கொள்ளலாம். பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லத் தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டரில் கசிவு உண்டு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். பூ நன்றாக இருந்தாலும் வயது முதிர்ந்த டயர் வெப்பத்தில் வெடிக்கும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள். நமது பகுதியில் கூலன்டுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உண்டு. அந்த நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து, ஏற்றத்தில் எஞ்சினைச் சூடாக்கும். செம்மண் நிறச் சேறு தெரிந்தால் எச்சரிக்கை, ஒயில் மிதந்தால் எஞ்சினின் மேற்பாகமான ஹெட் பழுதாகியிருக்கலாம். டொல்பினின் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று கேளுங்கள், இல்லையென்றால் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். 2004 நோவாவில் பெற்றோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால், காற்று வரும் வழியில் கரி படிவது வழக்கம். நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் நடுங்கினால் அதை நினைவில் கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யும் கருவியுள்ள கராஜில் காட்டாமல் நோவாவை வாங்க வேண்டாம். கியர் ஒயில் கருகிய மணம் வீசினாலும் வேண்டாம்.

பத்திரங்களில், எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருப்பதையும், லீசிங் நிறுவனம் எதனுடைய பெயரும் அதில் இல்லை என்பதையும், ஆசன எண்ணிக்கை வானிலுள்ளதற்குச் சமமாக இருப்பதையும் பாருங்கள். புத்தகத்தில் இல்லாத ஆசனங்களோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதியில் சிக்கல் வரும். பெயரை மாற்றாமல் “ஓபன் பேப்பரில் வைத்து ஓடலாம்” என்பவர்களின் பேச்சைக் கேட்காமல், பணம் கொடுக்கும் அன்றே பெயர் மாற்றப் படிவங்களில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

உங்கள் ஆறு பேருக்கும் நான் நோவாவையே சொல்வேன். தரை தாழ்வாக இருப்பதால் மாமி முழங்காலை அதிகம் மடிக்காமல் ஏறலாம், அதுவும் சிறிய விடயமல்ல. ஆனால் அந்த நோவா துருச் சோதனையிலும் வெள்ளச் சோதனையிலும் தேறியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றில் தவறினாலும், இன்னும் இரண்டு மாதம் பொறுத்து வேறொரு நோவாவைத் தேடுங்கள். அடித்தளம் உறுதியான டொல்பின்தான் கிடைக்கும் என்றால், எஞ்சினை அழகுபடுத்தச் செலவிடாமல், குறுக்குச் சட்டத்தோடு பூட்டிய, மூன்று முனைப் பட்டியுள்ள ஆசனங்களுக்கு அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். எந்த வானை வாங்கினாலும், முதல் கண்டிப் பயணத்துக்கு முன் பிரேக் ஒயிலை முழுவதும் மாற்றிவிட்டு, பதினெட்டு வளைவில் இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே இறங்கச் சொல்லுங்கள். முன் விளக்குக் கண்ணாடிகள் மஞ்சளித்திருந்தால் அவற்றையும் அப்போதே மினுக்கிவிடுங்கள். திரும்பி வரும்போது இரவாகிவிடும், மகாஓயாவுக்கு இப்பால் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும்.