ஆய்வில் ‘தண்ணீர் தரமானது’ என்று வந்துவிட்டால் ஓட்டல் மீது வழக்குப் போட முடியாதா?

கேள்வி:

உறவினர் வீட்டு விசேஷத்துக்காக வெளியூர் சென்று, மூன்று குடும்பங்களாக ஓர் ஓட்டலில் இரண்டு இரவு தங்கினோம். மூன்று அறைகளுக்கும் என் மைத்துனர்தான் பணம் கட்டினார். அறைகளில் ஜாடியில் தண்ணீர் வைத்தார்கள். ஊர் திரும்பிய நான்காவது வாரத்தில் என் பத்து வயது மகளுக்கும் மைத்துனரின் மகனுக்கும் மஞ்சள் காமாலை வந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று தெரிந்தது. மகளை ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. கைக்குழந்தையோடு வந்த என் தங்கை குடும்பம் சாப்பாடு எங்களோடுதான் சாப்பிட்டது. தண்ணீர் மட்டும் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரைக் குடித்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பினேன். ஆய்வு செய்ததில் தண்ணீர் மாதிரி தரமாக இருந்தது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்திருக்கிறது. ஓட்டல் நிர்வாகம், ‘நாங்கள் கேன் தண்ணீர்தான் வைக்கிறோம், அந்தக் கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறது. இப்போது மருத்துவச் செலவில் பாதியைத் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா? வழக்குத் தொடர முடியுமா?

பதில்:

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் ‘இதோடு எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன’ என்கிற பொருளில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு அதன் கீழ் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு நீங்கள் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும்போது எதிர்த்தரப்பு நீட்டுகிற முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். மகள் இன்னும் முழுதாகத் தேறவில்லை, செலவு எவ்வளவு என்றே கணக்கு முடியவில்லை. இந்த நிலையில் பாதித் தொகைக்கு முழு உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

வழக்கு நிற்குமா என்றால், நிற்கும். ஆய்வறிக்கையைப் பார்த்து நீங்கள் சோர்ந்துபோயிருப்பது கடிதத்தில் தெரிகிறது. சோர வேண்டாம். அந்த அறிக்கை, அலுவலர் வந்த நாளில் அவர் எடுத்த மாதிரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நீங்கள் தண்ணீர் குடித்தது அதற்குச் சுமார் ஒன்றரை மாதம் முன்பு. நோய் தெரியவே நான்கு வாரம் ஆகியிருக்கிறது. புகார், ஆய்வு எல்லாம் அதற்கும் பிறகு. இடையில் தொட்டியைக் கழுவியிருக்கலாம், கேன் வாங்கும் இடத்தை மாற்றியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனை, மலக்கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம், ஈ.கோலி பாக்டீரியாக்களைத்தான் தேடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது. ஆனால் உங்கள் மகளைத் தாக்கியது வைரஸ். ஈ.கோலி இல்லை என்பதால் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே அந்த அறிக்கை ஓட்டலுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அல்ல. துறை தன் அளவில் கோப்பை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 100-ஆவது பிரிவு, அந்தச் சட்டம் தரும் நிவாரணம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்று தெளிவாகச் சொல்கிறது. துறை நடவடிக்கை எடுக்கவில்லை என்பதால் உங்கள் இழப்பீட்டு உரிமை போய்விடாது.

இனி உங்கள் கையில் என்ன சாட்சியம் இருக்கிறது என்று பார்ப்போம். கடிதத்தில் போகிற போக்கில் தங்கை குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் இந்த வழக்கின் முதுகெலும்பே அதுதான். ஒரே ஓட்டல், ஒரே நாட்கள், ஒரே சாப்பாடு. தண்ணீர் மட்டும் வேறு. ஜாடித் தண்ணீர் குடித்த இரண்டு வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு நோய், பாட்டில் தண்ணீர் குடித்த வீட்டில் யாருக்கும் இல்லை. அதுவும் நோய் வந்த இரண்டு குழந்தைகளும் வேறு வேறு வீடுகளில் வளர்கிறவர்கள். ஹெபடைடிஸ் ஏ உடம்புக்குள் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகும். நான்காவது வாரம் என்பது அந்தக் கணக்குக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. தங்கையையும் அவர் கணவரையும் இதையெல்லாம் தேதியோடு பிரமாண வாக்குமூலமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டில் வாங்கிய பில்லோ, பணம் செலுத்திய விவரம் கைப்பேசியிலோ இருந்தால் அதையும் இணையுங்கள்.

எதிர்த்தரப்பு எங்கே அடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘அந்த ஐம்பது நாளில் குழந்தை வீட்டிலும் பள்ளியிலும் தண்ணீர் குடிக்கவில்லையா?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதிலை இப்போதே தயார் செய்யுங்கள்: அந்தக் காலத்தில் மகளின் வகுப்பில் வேறு யாருக்கும் காமாலை இல்லை என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம், வீட்டில் மற்றவர்களுக்கு நோய் இல்லை என்பதற்கு மருத்துவரின் குறிப்பு. மைத்துனர் வீட்டிலும் இதையே செய்ய வேண்டும். மருத்துவமனைக் காகிதங்களில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பரிசோதனை முடிவு மிக முக்கியம். தொற்று அண்மையில் ஏற்பட்டது என்பதை அதுதான் காட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வெளியூரில் தங்கி வந்த பின்’ என்று நோயின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குற்றவியல் நீதிமன்றத்தில் கேட்பதுபோல், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபி என்று நுகர்வோர் ஆணையம் கேட்காது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்கும். அந்தத் தராசில் உங்கள் தட்டு கனமாகவே இருக்கிறது.

கேன் கம்பெனி வாதம் நிற்காது. நீங்கள் பணம் கொடுத்தது ஓட்டலுக்கு. சீல் வைத்த கேன் உங்கள் அறைக்கு வரவில்லை. அதை உடைத்து, ஜாடியில் ஊற்றி, மூடி வைத்தது ஓட்டல் ஊழியர். ஜாடி எதில் கழுவப்பட்டது, ஊற்றியவரின் கை எப்படி இருந்தது என்பதெல்லாம் ஓட்டலின் பொறுப்பு. நோய் இருப்பது வெளியில் தெரிவதற்கு முன்பே ஒருவர் இந்த வைரஸைப் பரப்ப முடியும் என்பதால், மனுவில் ‘தண்ணீர் மாசுபட்டிருந்தது’ என்று மட்டும் எழுதி உங்களை நீங்களே கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். ‘தண்ணீரோ, அதைக் கையாண்ட முறையோ சுகாதாரமற்றதாக இருந்தது’ என்று எழுதுங்கள். கேன்தான் காரணம் என்று அவர்கள் சாதித்தால், அந்தத் தேதிக்குரிய கொள்முதல் பில்லைக் காட்டட்டும். காட்டினால் கம்பெனியை இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டல் அப்போதும் தப்பாது.

பணம் கட்டியவர் மைத்துனர் என்பதால் உங்களுக்கு உரிமை இல்லையோ என்ற கவலை வேண்டாம். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு. சிறுவயதுக் குழந்தைக்காகப் பெற்றோர் வழக்குத் தொடரலாம். குழந்தையும் பெற்றோரும் இருவருமே நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் கூறியிருக்கிறது. ஓட்டல் இருக்கும் ஊருக்கு அலையவும் வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி இது. கட்டணம், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, ஓட்டலுக்குக் கொடுத்த தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அது 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கால வரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு.

மனுவுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதில் கருமித்தனம் காட்டாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் உணவுப் பாதுகாப்புத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போடுங்கள். ஆய்வு நடந்த தேதி, மாதிரி எடுத்த இடம் — சீல் வைத்த கேனா, சமையலறைக் குழாயா, மேல்நிலைத் தொட்டியா, அறை ஜாடியா — எந்தெந்தச் சோதனைகள் செய்யப்பட்டன, ஆய்வக அறிக்கையின் நகல், கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த ஓட்டலில் நடந்த ஆய்வுகளின் அறிக்கைகள், குறைகளைச் சரிசெய்யச் சொல்லி உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின் கீழ் நோட்டீஸ் எதுவும் தரப்பட்டதா, உரிமத்தின் நிலை என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல வழக்குகளில் திருப்பம் இங்கேதான் வருகிறது. அலுவலர் மாதிரி எடுத்தது திறக்காத கேனிலிருந்து என்று பதில் வந்தால், அறை ஜாடியைப் பற்றி அந்த அறிக்கை வாயே திறக்கவில்லை என்று பொருள்.

ஓட்டல் வசம் இருக்க வேண்டிய ஆவணங்களும் உண்டு. உணவு வணிக உரிமத்துக்கான 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணைப்படி, குடிக்கத் தகுந்த தண்ணீரையே பயன்படுத்த வேண்டும், தொட்டிகளைக் குறித்த காலத்தில் சுத்தம் செய்து பதிவு வைக்க வேண்டும், உணவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். இந்தப் பதிவேடுகளைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்திடம் தனி மனுப் போடுங்கள். ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி ஆணையத்துக்கும் உண்டு. பதிவேடு இல்லையென்றால், இல்லை என்பதே சேவைக் குறைபாட்டுக்குச் சாட்சியம்.

துறை வழியையும் முழுதாகக் கைவிடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 59-ஆவது பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் உடல் பாதிப்பு ஏற்பட்டால் சிறைத் தண்டனை வரை போகிறது. 65-ஆவது பிரிவு, கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரையிலும், மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையிலும் இழப்பீடு வழங்க உத்தரவிட இடம் தருகிறது. மகள் 15 நாளுக்கு மேல் பள்ளிக்குப் போக முடியவில்லை என்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவைக் காட்டி இது கொடுங்காயமே என்று வாதிடலாம். பள்ளி விடுப்புப் பதிவை வாங்கி வையுங்கள். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்ற நடவடிக்கைக்குக் கால வரம்பு 1 ஆண்டு; உணவுப் பாதுகாப்பு ஆணையர் காரணம் எழுதி அனுமதித்தால் 3 ஆண்டு வரை போகலாம். தகவல் பதில் கையில் வந்ததும், மாதிரி எடுத்ததில் உள்ள குறையைச் சுட்டிக்காட்டி மாவட்டத்தில் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலருக்கும் ஆணையருக்கும் மறுபடி எழுதுங்கள். காவல் நிலையத்தில் உணவுக் கலப்படப் பிரிவுகளில் வழக்குப் பதியச் சொல்லி அலைவதில் பலன் குறைவு. உணவுப் பாதுகாப்புச் சட்டமே மேலோங்கி நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் ராம் நாத் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. ஓட்டல் தண்ணீரில் சந்தேகம் வந்தால் பலரும் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், அல்லது டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்க்கிறார்கள். அந்த மீட்டர் உப்பைத்தான் அளக்கும். கிருமியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கிருமிச் சோதனைக்கான மாதிரியை, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இட்ட கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். சட்டப்படியும் ஒரு நிபந்தனை உண்டு: வாங்கிய உணவைப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு எவருக்கும் உரிமை தருகிறது, ஆனால் சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதனால் அந்த இடத்திலிருந்தே துறைக்குப் புகார் செய்து, ஜாடியையும் கேனின் லேபிளையும் தேதி தெரியப் படம் எடுத்து வைப்பது மேல்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஓட்டலுக்கு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். மருத்துவச் செலவு, மகளைப் பார்த்துக்கொள்ள நீங்களும் மனைவியும் எடுத்த விடுப்பால் இழந்த சம்பளம், போக்குவரத்து, மன உளைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தொகை போட்டு எழுதுங்கள். தொட்டி, கேன் பில், ஊழியர் மருத்துவச் சான்று ஆகிய பதிவேடுகளை அழிக்கக் கூடாது என்றும் அதில் ஒரு வரி சேருங்கள். மைத்துனரும் தன் மகனுக்காகத் தனி நோட்டீஸ், தனி மனு போடுவதே நல்லது. இரண்டையும் சேர்த்து விசாரிக்க ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.