பந்து வராத பக்கம்

இம்மாதம் வந்த கேள்விகளில் பல, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கார்னர்பேக் ஆட்டக்காரர்களை எடைபோடும் முறையைப் பற்றியவை. விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: எதிரணியின் ரிசீவர் எந்தப் பக்கம் ஓடினாலும் நிழல்போல ஒட்டி ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்து அவர் கைக்குச் சேராமல் காப்பவரே கார்னர்பேக்.

கேள்வி: ஐயா, 2022-ஆம் ஆண்டு டிராஃப்டில் (தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எங்கள் ஊர் அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸ், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெரெக் ஸ்டிங்லியை 3-ஆவது இடத்தில் எடுத்தது. அடுத்த இடத்திலேயே சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் அகமத் 'சாஸ்' கார்ட்னரை நியூயார்க் ஜெட்ஸ் எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டிலேயே கார்ட்னர் கொடிகட்டிப் பறந்தார். ஸ்டிங்லியோ காயத்தால் பாதிப் பருவத்தை இழந்தார். கல்லூரி ஆட்டத்தைப் பார்த்தே இருவரில் யார் மேல் என்று அன்றைக்கே சொல்லியிருக்க முடியாதா?
(ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முடிந்திருக்காது என்பதே என் கருத்து. அந்த இருவரைப் பற்றியும் அணிகளின் கையில் இருந்த சான்றுகள் ஒரே தராசில் நிறுக்கக் கூடியவையாக இல்லை.

ஸ்டிங்லியின் உச்சம் 2019. கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் ஆண்டிலேயே ஆறு இன்டர்செப்ஷன்கள் (எதிரணி எறிந்த பந்தைத் தடுப்பவரே பிடித்துவிடுவது) எடுத்தார். அவருடைய அணி 15 ஆட்டங்களிலும் வென்று தேசியச் சாம்பியன் ஆனது. அந்த ஆறைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பயிற்சி மைதானத்தில் அவருடைய அணியிலேயே ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் ரிசீவர்களாக இருந்தார்கள். அவர்களுக்குப் பந்தை எறிந்தவர் ஜோ பர்ரோ. பதினெட்டு வயதில் இப்படிப்பட்டவர்களுக்கு எதிராக நின்று பழகியவருக்குச் சனிக்கிழமைகளில் நடக்கும் கல்லூரி ஆட்டம் ஓரளவு இளைப்பாறலாகவே இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு 2020-இல் ஏழு ஆட்டங்கள், 2021-இல் பாதத்தில் ஏற்பட்ட காயத்தால் மூன்றே ஆட்டங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் ஓர் இன்டர்செப்ஷன்கூட இல்லை. 2020 டிசம்பரில் அலபாமாவின் டெவான்டா ஸ்மித், ஸ்டிங்லி உடலோடு உடல் ஒட்டி நின்றபோதும், அவருக்கு மேலே எம்பி ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்து டச்டவுன் (பந்தை எதிரணியின் இறுதி எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளிகள்) எடுத்த காட்சி பலருக்கு நினைவிருக்கும். அதை ஸ்டிங்லியின் தோல்வியாகக் குறித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அப்படிக் குறிக்க மாட்டேன். ஒரு கார்னர்பேக் இருக்க வேண்டிய இடத்தில்தான் அவர் இருந்தார். அந்த ஆண்டு, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற ஒருவர் அதையும் மீறிப் பந்தைப் பிடித்தார். முடிவை மட்டும் பார்க்காமல், பந்து வந்து சேர்ந்த கணத்தில் தடுப்பவர் எங்கே நின்றார் என்று பார்ப்பதுதான் சரியான மதிப்பீடு.

கார்ட்னரின் சான்று இதற்கு நேர்மாறானது. 2019 முதல் 2021 வரை மூன்று பருவங்கள், ஆண்டுக்கு மூன்றாக ஒன்பது இன்டர்செப்ஷன்கள், அவர் காவலில் ஒரு டச்டவுன்கூட எதிரணிக்குக் கிடைக்கவில்லை. குறை என்று சொல்லப்பட்டது ஒன்றே: அவர் ஆடிய அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் எதிரே நின்ற ரிசீவர்களின் தரம். 2021-இல் சின்சினாட்டி நோட்ரடேமை அதன் சொந்த மைதானத்தில் 24-13 என வென்றது; ஆனால் பிளேஆஃப் அரையிறுதியில் அலபாமாவிடம் 27-6 எனத் தோற்றது. அந்த அரையிறுதியில் கார்ட்னரைச் சோதிக்க வேண்டிய தேவையே அலபாமாவுக்கு ஏற்படவில்லை. பிரையன் ராபின்சனிடம் பந்தைக் கொடுத்து ஓடவிட்டது, அவர் ஒருவரே 204 யார்டு ஓடினார். ஆகவே கார்ட்னரைப் பற்றிய பெரிய கேள்விக்கு மிகப் பெரிய ஆட்டத்திலும் முழு விடை கிடைக்கவில்லை.

ஒருவரிடம் வலுவான எதிரிகளுக்கு முன்னால் எட்டிய உச்சம் இருந்தது, தொடர்ச்சி இல்லை. மற்றவரிடம் தொடர்ச்சி இருந்தது, எதிரிகள் அந்தத் தரத்தில் இல்லை. இவற்றில் எதை நம்புவது என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. அணி எந்த இடரை ஏற்கத் துணிகிறது என்பதே முடிவு செய்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் ஹூஸ்டனின் பயிற்சியாளர் லவி ஸ்மித். ஆளுக்கு ஆள் ஒட்டி ஓடுவதைவிட, ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் காக்கும் முறைக்குப் பெயர்பெற்றவர் அவர். ஆளை ஒட்டி ஓடுவதற்கென்றே பிறந்தவரைப்போல இருந்த ஸ்டிங்லிக்கு அது பொருந்திய சட்டை அல்ல. ஒன்பது ஆட்டங்களும் ஓர் இன்டர்செப்ஷனுமாக அந்தப் பருவம் முடிந்தது. அடுத்த ஆண்டு டிமெக்கோ ரயன்ஸ் பொறுப்பேற்றார். 11 ஆட்டங்களில் ஐந்து இன்டர்செப்ஷன்கள் வந்தன. 2024-இல் ஸ்டிங்லி ஆல்-ப்ரோ முதல் அணியில் (அந்த ஆண்டு லீக்கில் ஒவ்வோர் இடத்துக்கும் சிறந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பட்டியல்) இடம்பெற்றார். கார்ட்னரோ 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் அந்த இடத்தில் இருந்தார். 2025 நவம்பரில் ஜெட்ஸ் அவரை இன்டியானாபொலிஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. உங்கள் ஊர் அணி தவறு செய்யவில்லை. விளைவு தெரியச் சற்றுக் காலம் எடுத்தது, அவ்வளவுதான்.

கேள்வி: எத்தனை இன்டர்செப்ஷன் எடுத்தார் என்ற ஒரே எண்ணிக்கையை வைத்துக் கார்னர்பேக்குகளை வரிசைப்படுத்தினால் என்ன தவறு?
(சின்சினாட்டியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் ஊரே இதற்கு மிகச் சிறந்த சான்று, அம்மா. நாட்டின் சிறந்த பின்வரிசைத் தடுப்பாளருக்கான ஜிம் தோர்ப் விருதை 2021-இல் பெற்றவர் சின்சினாட்டியின் கார்னர்பேக் என்றால் பலரும் கார்ட்னரைத்தான் நினைப்பார்கள். பெற்றவர் மறுபக்கத்தில் ஆடிய கோபி பிரையன்ட். அவர் திறமையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகள் கார்ட்னரின் பக்கம் எறியத் தயங்கியதால், பந்துகள் பிரையன்ட் பக்கம் திரும்பின. பந்து வந்தால்தானே தட்டிவிடவும் பிடிக்கவும் வாய்ப்பு வரும்? டிராஃப்டில் கார்ட்னர் 4-ஆவது ஆளாகவும் பிரையன்ட் 4-ஆவது சுற்றிலும் எடுக்கப்பட்டதைப் பார்த்தால், ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக ஆட்டக்காரர்களை எடைபோடுபவர்கள்) அந்தப் பக்கத்து அமைதியை எப்படிப் படித்தார்கள் என்பது விளங்கும்.

ஜெட்ஸ் அணியில் கார்ட்னரின் முதல் ஆண்டும் அதையே சொல்கிறது. இன்டர்செப்ஷன் இரண்டே இரண்டு. தட்டிவிட்ட பந்துகள் 20, லீக்கிலேயே அதிகம். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாளர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆகவே ஒப்பிட விரும்புகிறவர், ஆட்டக்காரர் எத்தனை முறை ரிசீவரைக் காவல் காத்தார், அவற்றில் அவரை நோக்கிப் பந்து எறியப்பட்டது எத்தனை முறை என்று முதலில் எண்ண வேண்டும். அப்போதும் ஓர் எச்சரிக்கை தேவை: முன்வரிசை வலுவாக இருந்தால் குவார்ட்டர்பேக்குக்கு எறிய நேரமே கிடைக்காது, அந்தப் பெருமையும் பின்னால் நிற்பவரின் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: 40 யார்டு ஓட்டத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவைதானா?
(நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஓரளவுக்குத் தேவை. ரிசீவர் முழு வேகத்தில் ஓடும்போது பின்தங்கிவிடுகிறவருக்கு வேறு எந்தத் திறமையும் உதவாது. ஆனால் அந்த எண் ஒரு நுழைவுச்சீட்டு மட்டுமே.

இன்டியானாபொலிஸில் நடக்கும் தேர்வு முகாமில், 2022-இல் பெய்லர் பல்கலைக்கழகத்தின் கேலன் பார்ன்ஸ் 4.23 வினாடியில் ஓடினார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்திலிருந்து வந்த டாரிக் வுலன் 4.26 வினாடியில் ஓடினார். வேகத்தில் முந்தியவரைக் கரோலினா 7-ஆம் சுற்றில் எடுத்து, பருவம் தொடங்குமுன்பே விடுவித்துவிட்டது. வுலனை 5-ஆம் சுற்றில் சியாட்டில் எடுத்தது. முதல் ஆண்டிலேயே ஆறு இன்டர்செப்ஷன்களுடன் லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். வுலனின் உயரம் 6 அடி 4 அங்குலம். ரிசீவராக இருந்து கார்னர்பேக்காக மாறியவர். அத்தனை உயரமும் அத்தனை வேகமும் ஒரே உடம்பில் கிடைப்பது அரிது.

அதே சியாட்டில் 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஷெர்மனையும் 5-ஆம் சுற்றில்தான் எடுத்தது. அவரும் ரிசீவராக இருந்து மாறியவர், உயரமானவர், ஆனால் பெரிய வேகக்காரர் அல்லர். அதே டிராஃப்டில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் பீட்டர்சன் 5-ஆவது ஆளாகவே போனார். 2013-இல் எட்டு இன்டர்செப்ஷன்களுடன் லீக்கில் முதலிடம் பிடித்தவர் ஷெர்மன். நீண்ட கைகளும், எதிரே நிற்பவர் எந்தப் பாதையில் ஓடப்போகிறார் என்பதை முன்கூட்டியே படித்த அறிவும் அவருக்கு வேகத்தை ஈடுகட்டின.

கேள்வி: கல்லூரியில் அசத்திய கார்னர்பேக்குகள் என்.எஃப்.எல்.-இல் தடுமாறுவது ஏன்? மைதானம் ஒன்றுதானே?
(டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீள அகலம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கோடுகள் வேறு. மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு முறையும் பந்தை வைத்து ஆடத் தொடங்கும் இடத்தை வரையறுக்கும் இரண்டு வரிசைக் குறுங்கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி தூரம்; என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து அந்தக் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் கிடக்கும். குறுகிய பக்கத்தில் நிற்கும் கார்னர்பேக்குக்கு எல்லைக்கோடே ஒரு துணைக் காவலாள். அகன்ற பக்கத்தில் நிற்பவர் பெருவெளியில் தனியாக நிற்கிறார். ஒருவர் குறுகிய பக்கத்திலேயே மூன்று ஆண்டுகள் ஆடியிருந்தால், அவருடைய எண்களை அகன்ற பக்கத்தில் ஆடியவரின் எண்களோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது.

விதிகளும் மாறுகின்றன. என்.எஃப்.எல்.-இல் ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவர்மேல் கை வைத்துத் தடுத்தால் குற்றம். கல்லூரியில் அந்த ஐந்து யார்டு எல்லை கிடையாது. பந்து எறியப்படும் வரை, முன்னால் வரும் ரிசீவரைக் கையால் தள்ளித் தடுக்க இடமுண்டு, பிடித்து இழுக்கத்தான் கூடாது. பந்து காற்றில் இருக்கும்போது செய்யும் குறுக்கீட்டுக்குக் கல்லூரியில் அதிகபட்சத் தண்டனை 15 யார்டு, என்.எஃப்.எல்.-இல் குற்றம் நடந்த இடத்திலேயே எதிரணிக்குப் பந்து போய்விடும், அது 40 யார்டாக இருந்தாலும் சரி. வேகம் போதாத இடத்தில் கையால் சமாளித்துவந்தவருடைய குறை முதல் மாதத்திலேயே அம்பலமாகிவிடுகிறது. எனவே கல்லூரிப் படங்களைப் பார்க்கும்போது, ஐந்து யார்டுக்கு அப்பால் அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்பதைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கொலராடோவின் டிராவிஸ் ஹன்டரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பீர்கள்?
(அட்லாண்டாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தனியாகத்தான் வைக்க வேண்டும். ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் முழுநேரம் ஆடி 2024-இன் ஹைஸ்மன் விருதைப் பெற்றவர் அவர். 1997-இல் மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன் அந்த விருதைப் பெற்றபோது அவர் முதன்மையாகத் தடுப்பாளர். ஹன்டரின் களைத்த கால்களை, ஓய்வெடுத்துக் களமிறங்கும் கார்னர்பேக்கின் கால்களோடு ஒப்பிடக் கூடாது.

கேள்வி: என் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் கார்னர்பேக்காக ஆடுகிறான். தொலைக்காட்சியில் பார்த்தால் கார்னர்பேக் பாதி நேரம் திரையிலேயே இருப்பதில்லை. நான் எதைப் பார்த்து அவன் ஆட்டத்தைப் புரிந்துகொள்வது?
(டாலஸிலிருந்து ஒரு தாய்)

பதில்: நீங்கள் கவனித்தது சரி, அம்மா. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் போகிறது. அதனால்தான் ஸ்கவுட்டுகள் 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படத்தை வாங்கிப் பார்க்கிறார்கள். உங்கள் மகனின் ஆட்டத்தையும் நீங்கள் படியிருக்கையின் மேல்வரிசையிலிருந்து பாருங்கள். பந்தை மறந்துவிட்டு அவனுடைய கால்களையும் இடுப்பையும் மட்டும் பாருங்கள்.

ஆட்டம் தொடங்கியதும் அவன் பின்னோக்கி ஓடுவான். ரிசீவர் திடீரென நின்று திரும்பும்போது, பின்னால் போய்க்கொண்டிருந்த கால் தரையில் ஊன்றி, அதே ஊன்றலில் உடல் முன்னே பாய வேண்டும். பலர் ஊன்றிய பிறகு உடலை நிலைப்படுத்த இன்னும் ஒரு சிறு எட்டு வைப்பார்கள். அந்த ஓர் எட்டில் ரிசீவருக்கு ஒரு யார்டு இடைவெளி கிடைத்துவிடும். நல்ல குவார்ட்டர்பேக்குக்கு அது போதும். அடுத்து இடுப்பு. ரிசீவர் தோளை ஆட்டி ஏமாற்றும்போதே அவன் இடுப்பு ஒரு பக்கம் திரும்பிவிடுகிறதா, அல்லது அவர் இடுப்பு உண்மையாகத் திரும்பும் வரை காத்திருக்கிறதா? தோளும் கண்ணும் தலையும் பொய் சொல்லும். ஓடுகிறவரின் இடுப்பு போகிற திசைக்குத்தான் அவர் போக முடியும்.

ஒரு சிறு குறிப்பேட்டில் இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள்: அந்தக் கூடுதல் எட்டு எத்தனை முறை வந்தது, ஏமாந்து இடுப்பைத் திருப்பியது எத்தனை முறை. பருவத் தொடக்கத்து ஆட்டத்தையும் கடைசி ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவன் பயிற்சியாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.