ரேஷன் அரிசியில் இட்லி கல்லாக வருகிறதா?

அரிசியை மாற்ற வேண்டாம், உளுந்தைக் கூட்டுங்கள். பாக்கெட் மாவுச் செலவை நிறுத்த ரேஷன் புழுங்கலரிசியை ஆறுக்கு ஒன்று என்று ஊறவைத்ததாகச் சொல்கிறீர்கள். அது போதாது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போடுங்கள்.

மிக்ஸி சூடேறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். உளுந்துக்கு மட்டும் ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு அரையுங்கள். ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பஞ்சு மாதிரி மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும்.

அப்புறம், நம்ம வேலூர் வெயிலை மறக்காதீர்கள். மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். விடிய விடிய வெளியே இருந்தால் புளித்துவிடும், மிச்சம் பிடித்த காசும் வீண்.