விட்டுப்போன தடுப்பூசி: முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 11 மாதம். அம்மா வீடு புதுச்சேரி, பிரசவம் அங்கேதான். பிறந்ததும் போடும் ஊசிகளும் 6-வது வார ஊசியும் போட்டோம். அதற்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் கணவர் வேலைக்காகத் திருப்பூர் போனதில் மற்றவை விட்டுப்போயின. இப்போது கடலூரில் இருக்கிறோம். அட்டையும் தொலைந்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். நின்ற இடத்திலிருந்து தொடரலாம். எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் ஏற்கெனவே போட்ட தவணை வீணாகாது. முத்தடுப்பையும் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கானது) சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் இரண்டாவது தவணையை இப்போது போட்டு, குறைந்தது 4 வாரம் கழித்து மூன்றாவதைப் போட வேண்டும்.

அவசரம் தட்டம்மைக்குத்தான். 9 மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி உங்கள் மகளுக்கு இன்னும் போடவில்லை. அவ்வளவு எளிதில் பரவும் நோய் வேறு அதிகம் இல்லை. அதைத் தடுத்து நிறுத்த ஊரில் 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும். 2024-இல் உலக அளவில் முதல் தவணை 84 சதவீதம், இரண்டாவது 76 சதவீதம்தான்.

வருகிற புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். போலியோ, நியூமோகாக்கல், ரோட்டா வைரஸ் பாக்கியையும் செவிலியர் பார்த்துச் சொல்வார். கடலூர் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பல ஊசியா என்று பயப்பட வேண்டாம், வேறு வேறு இடத்தில்தான் குத்துவார்கள். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது சகஜம். குழந்தையின் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். வலிப்பு வந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். லேசான சளி, இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அட்டைக்கு வருவோம். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் சுகாதாரத் துறை வேறு, பதிவேடு வேறு. இங்குள்ள நர்சம்மாவின் பட்டியலில் உங்கள் மகள் பெயர் இருக்காது. அங்குள்ளவர் 'ஊருக்குப் போய்விட்டார்கள்' என்று எழுதியிருப்பார். தடுப்பூசி விவரங்களைப் பதியும் அரசு இணையதளமான யு-வின்னில் பதிவாகியிருந்தால் உங்கள் செல்பேசி எண்ணை வைத்து எந்த ஊரிலும் எடுக்கலாம். இல்லாவிட்டால் ஊசி போட்ட மருத்துவமனையின் பதிவேட்டில் தேதி கேளுங்கள். எங்குமே கிடைக்காத தவணையைத் திரும்பப் போடுவார்கள், கூடுதலாக ஒன்று போவதால் கெடுதல் இல்லை.

உங்கள் மகள் தனி ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2024-க்குத் தந்த மதிப்பீட்டின்படி, 1 கோடியே 43 லட்சம் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி ஒரு தவணைகூடக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய பாதிப் பேர் போரும் நெருக்கடியும் சூழ்ந்த நாடுகளில் இருப்பவர்கள். இன்னும் 57 லட்சம் பேர் தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றவர்கள். இந்த இரண்டாவது வகையை ஊசி எதிர்ப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீடு மாறியவர்கள், அட்டையைத் தொலைத்தவர்கள், ஏன் தாமதம் என்று திட்டுவார்களோ எனத் தயங்குபவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம். திட்டினாலும் பரவாயில்லை, போய்விடுங்கள்.

புது அட்டை கிடைத்ததும் செல்பேசியில் படம் எடுத்து, பாட்டிக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணையும் முத்தடுப்பு பூஸ்டரும் வரும். அப்போது திருப்பூரில் இருந்தால் அங்கேயே போடலாம்.