கேன்ட்ரிக்கு ஏசிபி ஷீட் தாங்குமா?

கேள்வி: கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் ஒன்று செய்கிறேன். செதுக்கும் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டமான 1.2 மீட்டர் கேன்ட்ரியை எடை குறைவாகச் செய்ய, ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட்டைப் பெட்டி போல ஒட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். தாங்குமா?

பதில்: தாங்காது, வாங்காதீர்கள். கடை முகப்புகளில் ஒட்டும் அந்த 4 மி.மீ. ஷீட்டில் இருபுறத் தகடும் பெரும்பாலும் அரை மி.மீட்டரைத் தாண்டாது. நடுவில் இருப்பது பிளாஸ்டிக். "இதுவும் சான்ட்விச் பேனல்தான் சார்" என்று விற்பார்கள். பெயர் சரி, வேலை வேறு. தகடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் பேனலுக்கு விறைப்பு தருகிறது. அதே தகடு, தூரம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. 25 மி.மீ. அலுமினிய ஹனிகோம்ப் (நடுவில் தேன்கூடு போன்ற அறைகள் உள்ள பேனல்), இருபுறமும் 1 மி.மீ. தகடு என்று கேளுங்கள். டேட்டா ஷீட்டும் கேளுங்கள். "ஒரு லோடு எடுப்பீர்களா?" என்பார்கள். இரண்டு ஷீட் வாங்குகிறவருக்கு என்ன பொருள் என்று சொல்லக்கூட இங்கே ஆளில்லை. பில்லில் வெறும் 'பேனல்' என்று எழுதித் தருகிறார்கள், யாரும் கேட்பதில்லை.

போல்ட்டை நேராகப் போட்டு முறுக்கினால் உள்ளே தேன்கூடு நசுங்கும். மோட்டார் நகர்ந்து ஓடும் ரெயில் வரும் ஓரத்தில் கூட்டைச் சுரண்டி எடுத்து, கெட்டி அலுமினியப் பட்டையைச் செருகி எபாக்சியால் ஒட்டுங்கள். பெயரும் தேதியும் இல்லாத பாட்டிலில் பிரித்து விற்கும் எபாக்சியைத் தொடவே வேண்டாம். பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்ட்டோடு கழன்று வரும். தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அன்றே ஒட்டுங்கள்.

ரெயில் ஸ்டீல், பேனல் அலுமினியம். வெயிலில் 15 டிகிரி ஏறினால் 1.2 மீட்டரில் இரண்டுக்கும் 0.2 மி.மீ. வித்தியாசம் வரும். கேன்ட்ரி வில்லாக வளையும். அதனால் ரெயிலுக்கு எதிர் முகத்தில் அதே அளவு ஸ்டீல் பட்டை வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே அளவு ரெயில்கள் மேல் முகத்தில் ஒன்று, கீழ் முகத்தில் ஒன்று என்று நேரெதிரே வந்தால் பட்டை தேவையில்லை. முன்னால் ஒன்று, மேலே ஒன்று என்றால் இது பொருந்தாது. இரண்டும் முன் முகத்திலேயே இருந்தாலும் பொருந்தாது. நேரெதிரே இருக்க வேண்டும்.

ஸ்பின்டில் (செதுக்கும் மோட்டார்) மாட்டும் முன் இரு முனையையும் தாங்கி வைத்து, நடுவில் 10 கிலோ தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று பார்க்க டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வையுங்கள். வளைவு 0.05 மி.மீட்டருக்குள் நின்றால் மர வேலைக்குப் போதும். அதைத் தாண்டினால் ஒட்டிய மூலைகளை முதலில் பாருங்கள்.