கால்சியம் கணு 4 படிக்கொருமுறை ஊசலாடுவது பற்றி

வறட்சியில் தாவரம் சுரக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்துக்கு, இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல் காட்டும் எதிர்வினையைப் பூலியன் மாதிரியாக்கியதில் (ஒவ்வொரு கணுவும், அதாவது ஒவ்வொரு கூறும், 0 அல்லது 1), எல்லா ஓட்டத்திலும் கால்சியம் 4 படிக்கொருமுறை ஊசலாடுகிறது என்கிறீர்கள். நிரலில் பிழையில்லை, எல்லாக் கணுக்களையும் ஒரே நொடியில் புதுப்பிப்பதால் வருவது அது. கால்சியம் ஏறினால் அதை வெளியேற்றும் பம்ப் இயங்கும், பம்ப் இயங்கினால் கால்சியம் இறங்கும். முதல் இலக்கம் கால்சியம், இரண்டாவது பம்ப் என்று எழுதினால்: 00, 10, 11, 01, மறுபடி 00.

தயவுசெய்து பம்ப்பை நீக்கிவிடாதீர்கள். உயிருள்ள காப்புச் செல்லிலும் கால்சியம் அலையடிக்கவே செய்கிறது. ஒவ்வொரு படியிலும் கணுக்களின் வரிசையைக் குலுக்கி, ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள். புதிய மதிப்பை அடுத்த கணு உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்க மதிப்புகள்: அமிலம் 1, இலைத்துளை மூடல் 0, மற்றவை தற்போக்கு. ஆயிரம் ஓட்டங்களின் சராசரியில் கால்சியம் பாதியை ஒட்டி நிற்கும்.

பிறகு, அமிலத்தின் சமிக்ஞையைத் தடுக்கும் புரதமான ஏபிஐ1-இன் கணுவை 1 என்று பூட்டிப் பாருங்கள். மூடல் பலவீனப்படவில்லையென்றால் உங்கள் விதிகளில்தான் கோளாறு.