அண்ணாவின் கவாய் கணக்கு

கேள்வி: நானும் அண்ணாவும் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் டொராண்டோ ராப்டர்ஸ் அணியின் ரசிகர்கள். "இருக்கிற சின்னப் பையன்களைக் கொடுத்துவிட்டு அனுபவமுள்ள ஆள் ஒருவரைக் கொண்டுவர வேண்டும், கவாய் லெனார்டை வாங்கித்தானே 2019-ல் கோப்பை அடித்தோம்" என்கிறார் அண்ணா. வளர்த்த பையன்களை விற்கவே கூடாது என்பது என் கட்சி. தினமும் சாப்பாட்டு மேசையில் சண்டை. யார் பக்கம் நியாயம்?
- ஸ்கார்பரோ வாசகர்

பதில்: தம்பி, அண்ணா எடுத்த உதாரணமே அவர் காலை வாருகிறது. 2018 ஜூலையில் கவாயை வாங்க, அவர் ஆடிய சான் அன்டோனியோவுக்கு ராப்டர்ஸ் யாரைக் கொடுத்தது? டிமார் டிரோசனை. அவருக்கு அடுத்த மாதம் 29 முடியவிருந்தது, வந்த கவாய்க்கு 27. மூத்தவரைக் கொடுத்து இளையவரை வாங்கியிருக்கிறார்கள்! கூடவே ஒரு இளம் ஆட்டக்காரரும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் பிக்கும் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கும் ஒரு இடம்) போனது உண்மைதான், ஆனால் சியாகம், வான்விலீட், அனுனோபி என்ற தங்கள் பையன்கள் மூவர் மீதும் கை வைக்கவில்லை. பிலடெல்ஃபியாவுடன் ஏழாவது ஆட்டத்தில் கவாய் மூலையிலிருந்து எறிந்த பந்து ரிங்கில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம். ஆனால் ஃபைனலின் முதல் ஆட்டத்தில் 32 பாயின்ட் எடுத்தது சியாகம், கோப்பையை முடிவு செய்த ஆறாவது ஆட்டத்தின் கடைசி குவார்ட்டரில் 12 பாயின்ட் போட்டது வான்விலீட். அண்ணா விற்கச் சொல்லும் ரகப் பையன்கள்தான் இவர்கள்.

சரி, உங்கள் கட்சியும் முழுக்கச் சரியில்லை. 2007-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ன செய்தது பாருங்கள். அதற்கு முந்தைய சீசனில் 82 ஆட்டத்தில் 24-ல்தான் ஜெயித்திருந்தார்கள். 22 வயது அல் ஜெஃபர்சன் உட்பட ஐந்து ஆட்டக்காரர்களையும் இரண்டு முதல் சுற்று பிக்கையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து அனுபவசாலி கெவின் கார்னெட்டை வாங்கினார்கள், ரே ஆலனையும் தனியாக ஒரு டிரேடில் கொண்டுவந்தார்கள். அடுத்த சீசனில் 66 வெற்றி, கோப்பை. ஜெஃபர்சன் நல்ல ஆட்டக்காரராகத்தான் வளர்ந்தார், ஆனால் லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தேர்வாகவில்லை. ராண்டோ என்ற சின்னப் பையனை மட்டும் செல்டிக்ஸ் விடாமல் பிடித்துக்கொண்டது.

ஆறு வருஷம் கழித்து, 2013-ல், அதே செல்டிக்ஸ் அதே கார்னெட்டை விற்றது, கூடவே பால் பியர்ஸையும். வாங்கியது புரூக்ளின் நெட்ஸ். 2007-ல் கார்னெட்டுக்கு 31, 2013-ல் 37. பியர்ஸுக்கு 35. விலை என்ன தெரியுமா? 2014, 2016, 2018 மூன்று வருஷத்து முதல் சுற்று பிக்குகள். வரப்போகும் வருஷங்களின் முதல் சுற்று பிக்கை அடுத்தடுத்து இரண்டு வருஷத்துக்குக் கொடுக்க என்.பி.ஏ. விதி விடாது, அதனால் இடையில் 2017-க்கு மட்டும் "நம் இருவரில் யாருடைய இடம் முன்னால் வருகிறதோ அது எனக்கு" என்று எழுதி வாங்கிக்கொண்டது பாஸ்டன். வட்டிக்கடைக்காரன் கெட்டான் போங்கள்.

கார்னெட் அந்த சீசனில் ஆட்டத்துக்கு 6.5 பாயின்ட்தான். நெட்ஸ் இரண்டாவது சுற்றோடு வெளியே. பியர்ஸ் ஒரே வருஷத்தில் கிளம்பிவிட்டார். அப்புறம் அணி அடிமட்டத்துக்குப் போனது. மற்ற அணியென்றால் தோற்பதற்குக் கூலியாக நல்ல டிராஃப்ட் இடமாவது கிடைக்கும், நெட்ஸ் தோற்கத் தோற்க லாபம் பாஸ்டனுக்குப் போயிற்று. 2016 பிக்கில் ஜேலன் பிரவுன் வந்தார், 2017 மாற்று உரிமை வழியாக ஜேசன் டேட்டம் வந்தார். 2024-ல் பாஸ்டன் கோப்பை எடுத்தபோது முன்னால் நின்றது இந்த இருவரும்தான்.

அதனால் "இளசா, அனுபவமா" என்று சண்டை போடாதீர்கள். இவ்வளவுதான் வளருவான் என்று ஓரளவு பிடிபட்டுவிட்ட பையனைக் கொடுத்து, இன்னும் மூன்று நான்கு வருஷம் ஓடக்கூடிய ஆளை வாங்கினால் நான் அண்ணா பக்கம். முதல் வருஷமே மினுங்குகிற, எவ்வளவு வளருவான் என்று யாருக்குமே தெரியாத பையன் என்றால் எந்தப் பெயருக்கும் கொடுக்கக்கூடாது. சொந்த பிக்குகளை மொத்தமாக எழுதிக் கொடுப்பதோ அதைவிட மோசம்.

கவாய் கோப்பை எடுத்த கையோடு 2019 கோடையிலேயே கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார் இல்லையா? அவருக்குத் துணையாகப் பால் ஜார்ஜை வாங்க கிளிப்பர்ஸ் ஐந்து முதல் சுற்று பிக்கோடு, ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஒரு பையனையும் ஓக்லஹோமாவுக்கு அனுப்பியது. ஜார்ஜ் கோப்பை எதுவும் எடுத்துத் தராமல் 2024-ல் வேறு அணிக்குப் போய்விட்டார். அந்தப் பையன் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். 2025-ல் லீக் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது), ஃபைனல் எம்.வி.பி., கோப்பை மூன்றும் அவர் கையில். பிறந்தது உங்கள் டொராண்டோவில்தான். இதைச் சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணாவிடம் சொல்லாதீர்கள், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்.